ஒரு லைன்மேன் விழுந்தால்: நேர் மாற்றா, இடமாற்றமா?

2021 பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடந்த 55-ஆவது சூப்பர் பவுலில், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டத்தில், இரண்டு அணிகளுமே முழு ஆஃபென்சிவ் லைனோடு இறங்கவில்லை. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் வரிசைதான் இந்த லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். டாம்பா பே பக்கனியர்ஸின் ரைட் கார்டு அலெக்ஸ் கப்பாவுக்கு பிளேஆஃப் முதல் சுற்றிலேயே கணுக்கால் முறிந்திருந்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் அக்டோபரிலிருந்தே ஆடவில்லை. அது போதாதென்று ஏஎஃப்சி (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தில் லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது.

பக்கனியர்ஸ் செய்தது எளிய வேலை. கப்பாவின் இடத்தில் ஆரோன் ஸ்டின்னியை நிறுத்தினார்கள், மற்ற நால்வரையும் தொடவில்லை. சீஃப்ஸ் வேறு வழியில் போனார்கள். ரைட் டேக்கிளாக ஆடிவந்த மைக் ரெம்மர்ஸ் இடப்பக்கம் போனார். ரைட் கார்டு ஆண்ட்ரூ வைலி ரைட் டேக்கிள் ஆனார். காலியான கார்டு இடத்துக்கு ஸ்டெஃபன் விஸ்னியெவ்ஸ்கி வந்தார். ஏஎஃப்சி இறுதியைத் தொடங்கிய ஐவரில் இல்லாமல் போனது ஃபிஷர் ஒருவர்தான். ஆனால் சூப்பர் பவுலில் மூன்று இடங்களில் ஆள் மாறியிருந்தது.

ஆட்டம் 31-9 என்று பக்கனியர்ஸ் பக்கம் முடிந்தது. பாஸ் வீசப் பின்வாங்கிய சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எதிராளிகள் 29 முறை நெருக்கினார்கள். சூப்பர் பவுலில் அதுவரை பதிவானதில் அதுவே உச்சம். மறுபக்கம் பக்கனியர்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிராடி ஒரே ஒரு தடவைதான் சாக் ஆனார், அதாவது பந்தை வீசுமுன் வீழ்த்தப்பட்டார். பக்கனியர்ஸ் கூடுதல் ஆளைப் பாயவிடும் பிளிட்ஸ்கூட அதிகம் அனுப்பவில்லை, முன்வரிசை நால்வரே போதுமாக இருந்தார்கள். இரண்டு டேக்கிள்களை இழப்பதும் ஒரு கார்டை இழப்பதும் சமமல்ல என்பது சரிதான். ஆனாலும் ஒரு லைனை எடைபோடும்போது எத்தனை பேர் காயம் என்று மட்டும் எண்ணினால் போதாது, எத்தனை இடங்கள் மாறின என்று எண்ண வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கை வைத்துத்தான்.

காயம் வந்தால் பயிற்சியாளர் முன் இருப்பவை நான்கு வழிகள்: அதே இடத்தில் மாற்று வீரரை நிறுத்துவது (நேர் மாற்று), ஆடிக்கொண்டிருப்பவர்களை இடம் மாற்றுவது, வெளியிலிருந்து ஒரு மூத்த வீரரைக் கூட்டிவருவது, காயம்பட்டவரையே கட்டுப்போட்டு ஆடவைப்பது.

ஐவரும் ஒரே வரிசை என்பதன் பொருள்

புரோ கபடி பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கார்னரும் கவரும் கைகோத்து நிற்கையில் ஒருவர் அரை நொடி முந்தினாலும் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவார். ஆஃபென்சிவ் லைனில் அந்த ஒத்திசைவு ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கணம்) வேண்டும்.

எதிரணியின் முன்வரிசை வீரர் இருவர் பாதை மாற்றிப் பாயும் டேக்கிள்–எண்ட் ஸ்டண்ட்டை எடுத்துக்கொள்வோம். எதிரணியின் உள் வீரரான டிஃபென்சிவ் டேக்கிள் முதலில் வெளிப்பக்கமாகப் பாய்ந்து நம் டேக்கிளின் விலாவில் மோதுகிறார். வெளியே நின்ற எண்ட் ஒரு கணம் பொறுத்து, அவருக்குப் பின்னால் சுற்றி உள்ளே நுழைகிறார். சரியாகத் தடுக்க வேண்டுமானால், கார்டு தன் ஆளைத் தள்ளியபடியே டேக்கிளின் கையில் ஒப்படைத்துவிட்டு, கண்ணை உடனே உள்ளே திருப்பிச் சுற்றிவரும் எண்டை எதிர்கொள்ள வேண்டும். இதற்கு இருவரும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். டேக்கிள் இரண்டடி பின்னால் போயிருந்தால் நடுவே வழி திறந்துவிடும். புதிய டேக்கிள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: தன் ஆளை விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் எண்டைத் துரத்தி உள்ளே ஓடுவார், தன் கார்டு மீதே மோதுவார். திரையில் கார்டு தோற்றதுபோலத் தெரியும். தவறு பக்கத்து ஆளுடையது.

ரன் ஆட்டத்திலும் இதே கதைதான். கார்டும் டேக்கிளும் சேர்ந்து ஒரு டிஃபென்சிவ் லைன்மேனைத் தள்ளும்போது, அவர்களில் யார் எப்போது பிரிந்து, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் போவது என்பதைப் பேசி முடிவுசெய்ய நேரம் கிடையாது. இடுப்பு உரசும் அழுத்தத்தை வைத்தே உணர வேண்டும். பல வாரம் சேர்ந்து ஆடியவர்களுக்கு மட்டுமே அது கைவரும்.

நேர் மாற்று: பலமும் விலையும்

2017 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் லெஃப்ட் டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸுக்கு முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. வலப்பக்கம் லேன் ஜான்சன் என்ற அருமையான டேக்கிள் இருந்தார். அவரை இடப்பக்கம் மாற்றலாமே என்ற எண்ணம் எவருக்கும் வரும். ஈகிள்ஸ் அவரை அசைக்கவில்லை. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் எடுத்த ஹாலபூலிவாட்டி வைட்டாயை பீட்டர்ஸின் இடத்தில் நிறுத்தினார்கள். அவர் சில ஆட்டங்களில் திணறினார். ஆனால் தடுமாற்றம் ஒரே இடத்தில் இருந்ததால் எங்கே உதவி அனுப்புவது என்பதில் குழப்பம் இல்லை. சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 41-33 என்று வென்றபோது ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஒருமுறைகூட சாக் ஆகவில்லை.

அதே 2017 நவம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸ் செய்ததைப் பாருங்கள். லெஃப்ட் டேக்கிள் டைரன் ஸ்மித் காயம். அட்லான்டாவில் சாஸ் கிரீன் லெஃப்ட் டேக்கிளாக நின்றார். எதிரணி டிஃபென்சிவ் எண்ட் ஏட்ரியன் கிளேபார்ன் ஒரே ஆட்டத்தில் 6 சாக் எடுத்தார். என்எஃப்எல் சாதனைக்கு ஒன்று குறைவு. ஆட்டத்தின் நடுவே கிரீனை எடுத்துவிட்டு பைரன் பெல்லை இறக்கியும் அடங்கவில்லை. மொத்தம் 8 சாக், 27-7 தோல்வி. இங்கே நேர் மாற்று என்ற முடிவில் பிழையில்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுக்காததுதான் பிழை.

அந்த விலை இதுதான். டைட் எண்டோ (டேக்கிளுக்கு அடுத்து நிற்பவர்) ரன்னிங் பேக்கோ (பந்தை எடுத்து ஓடுபவர்) தன் ஓட்டத்தைத் தொடங்குமுன் எதிராளி எண்டின் வெளித்தோளில் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இதைத்தான் சிப் என்கிறார்கள். அல்லது ஆறாவது ஆளாக அவர் உள்ளேயே நின்றுவிட வேண்டும். அப்போது பாஸ் பிடிக்க ஐவருக்குப் பதில் நால்வர்தான் ஓடுவார்கள். லைன் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்து தடுப்பதே சறுக்கல்; சென்டர் அதைப் பலவீனமான பக்கம் திருப்பினால், மறுபக்க டேக்கிள் தனியாக நிற்க வேண்டிவரும். அந்த டேக்கிள் இடம் மாறாத பழைய ஆளாக இருந்தால் பாரத்தைத் தாங்குவார். நேர் மாற்றின் முழு லாபமும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த லாபத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 பருவத்தின் இறுதியில் சின்சினாட்டி பெங்கால்ஸ் லா'எல் காலின்ஸ், பக்கனியர்ஸிலிருந்து வந்திருந்த அலெக்ஸ் கப்பா, ஜோனா வில்லியம்ஸ் என்று லைன்மேன்கள் மூவரை அடுத்தடுத்து இழந்தார்கள். மூன்று இடத்திலும் நேர் மாற்றே செய்தார்கள். பனி கொட்டிய பஃபலோவில் ரன் ஆட்டமும் குறுகிய பாஸ்களும் கைகொடுக்க 27-10 என்று வென்றார்கள். அடுத்த வாரம் சீஃப்ஸின் ஏரோஹெட் அரங்கின் இரைச்சலில் பெங்கால்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 5 முறை சாக் ஆனார், 23-20 தோல்வி. இரைச்சலில் குரல் கேட்காது, கார்டு தட்டும் சைகையை வைத்து ஸ்னாப் நடக்கும், டேக்கிள்கள் பந்து அசைவதை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அரைக் கணம் பிந்தினாலும் எண்ட் தோளைத் தாண்டிவிடுவார். மூவர் புதியவர் என்றால் யாருக்கு உதவி அனுப்புவது என்ற கேள்விக்கே விடையில்லை.

இடமாற்றம்: எப்போது எடுபடும்?

இடப்பக்க டேக்கிள் இடக்காலைப் பின்வைத்து நிற்பார். பின்னால் நகரும்போது தள்ளுவது வலக்கால், வழிகாட்டுவது இடக்கால். வலப்பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். இடுப்பு திறக்கும் திசை, முதலில் அடிக்கும் கை, பக்கத்து ஆளை உணரும் தோள், அத்தனையும் மாறும். உடம்பில் ஊறிய அசைவை ஐந்தாறு நாள் பயிற்சியில் திருப்பிப் போட முடியாது. 2015 பருவத்தில் நேட் சோல்டருக்குக் கை பைசெப்ஸ் கிழிந்தபின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், ரைட் டேக்கிள் செபாஸ்டியன் வோல்மரை இடப்பக்கம் மாற்றி வலப்பக்கம் மார்கஸ் கேனனை நிறுத்தியது. டென்வரில் நடந்த ஏஎஃப்சி இறுதியில் அப்போது பேட்ரியட்ஸில் இருந்த பிராடி 4 முறை சாக் ஆனார், டென்வரின் வான் மில்லர் மட்டும் இரண்டரை சாக் எடுத்தார்; 20-18 தோல்வி. வோல்மர் முன்பே இடப்பக்கம் ஆடிப் பழகியவர். அப்படியிருந்தும் இரண்டு ஓரங்களும் ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டன.

கார்டை டேக்கிள் ஆக்குவதில் வேறு சிக்கல். கார்டு ஓர் எட்டிலேயே எதிராளியோடு மோதிவிடுவார். டேக்கிளோ இரண்டு மூன்று எட்டு பின்வாங்கி, திறந்தவெளியில் வேகமான ஆளைக் கை நீளத்தில் நிறுத்த வேண்டும். அதனால்தான் டேக்கிளுக்கு 33, 34 அங்குலக் கை நீளம் கேட்கிறார்கள். 2024 பருவத்தின் கடைசியில் சீஃப்ஸ் தங்கள் லெஃப்ட் கார்டு ஜோ தூனியை லெஃப்ட் டேக்கிள் ஆக்கினார்கள். அந்தப் பருவத்தில் ஆல்-புரோ (பருவத்தின் சிறந்த வீரர்கள்) முதல் அணிக்குத் தேர்வானவர். கை நீளம் 33 அங்குலத்துக்கும் குறைவு. டிசம்பரில் அவர் சமாளித்தார். ஆனால் அவர் விட்டுவந்த கார்டு இடத்தில் மைக் கலியெண்டோ நின்றார். லீகின் மிகச் சிறந்த கார்டை இழந்து, ஒரு சுமாரான டேக்கிளைப் பெற்ற கணக்கு இது. 59-ஆவது சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாமல் மஹோம்ஸை 6 முறை வீழ்த்தினார்கள். முதல் பாதியில் சீஃப்ஸ் எடுத்தது மொத்தம் 23 யார்டு.

அதே பருவத்தில், 2025 ஜனவரியில், ஈகிள்ஸும் இடமாற்றம் செய்தார்கள், அது பலித்தது. சென்டர் கேம் ஜர்கன்ஸுக்கு முதுகுக் காயம். லீகின் மற்றொரு பிரிவான என்எஃப்சியின் இறுதியில் லெஃப்ட் கார்டு லாண்டன் டிக்கர்சன் சென்டராகவும், டைலர் ஸ்டீன் லெஃப்ட் கார்டாகவும் தொடங்கினார்கள். ஆட்டம் 55-23. டிக்கர்சன் அலபாமா பல்கலைக்கழகத்தில் சென்டராக ஆடியவர். எதிரணியின் அமைப்பைப் படித்து, தடுப்புக் கணக்குக்கு மையமாகக் கொள்ளும் மைக் லைன்பேக்கர் யார், சறுக்கல் எந்தப் பக்கம் என்று அறிவிப்பது சென்டரின் வேலை. புதியவர் அதில் தப்புச் செய்தால் ஐவரும் சேர்ந்து தவறான பக்கம் போவார்கள். ஆகவே சென்டர் காயம் என்றால் மட்டும், பக்கத்துக் கார்டு அங்கே உண்மையில் ஆடியவராக இருந்தால், இடமாற்றத்தை நான் ஆதரிப்பேன். டேக்கிளுக்கு அது கடைசி வழி.

வெளியிலிருந்து ஆள்

நவம்பரில் வேலையில்லாமல் இருக்கும் டேக்கிளுக்கு ஒரு காரணம் இருக்கும்: வயது, பழைய காயம், அல்லது இரண்டும். தூனியை மாற்றுமுன் சீஃப்ஸ் முழங்கால் அறுவையிலிருந்து மீண்ட டி.ஜே. ஹம்ஃப்ரீஸை ஒப்பந்தம் செய்தார்கள். முதல் ஆட்டத்திலேயே தொடையின் பின்தசையில் பிடிப்பு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு நேராக 60 ஸ்னாப்புக்கு இறக்கினால் இது நடக்கக்கூடியதே. புதிய அணியின் அறிவிப்புச் சொற்களைப் பழகவும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பருவம் பாதி மீதமிருந்தால் இந்த வழி சரி. பிளேஆஃப் வாசலில் இதை நம்பக் கூடாது.

காயத்தோடு ஆடுவது

இதில் எந்தக் காயம் என்பதே எல்லாம். விரலோ கை எலும்போ முறிந்தால் உருண்டைக் கட்டுப் போட்டுக்கொண்டு டேக்கிள் ஆட முடியும். பிடிப்பு போகும், நிலை போகாது. அதே காயம் சென்டரின் ஸ்னாப் கையில் என்றால் முடியாது. முழங்கால் பக்கத் தசைநாரில் லேசான காயத்துக்கு உலோகத் தாங்கி உதவும். உயர் கணுக்கால் சுளுக்கோ பெருவிரல் மூட்டுக் காயமோ அப்படியல்ல. எதிராளி நெஞ்சில் தள்ளும்போது தரையில் ஊன்றி நிற்கும் பலமே அங்கிருந்துதான் வருகிறது. அந்த நிலையில் 70 சதவீதத் திறனோடு இருக்கும் நட்சத்திரத்தைவிட முழு உடல்நலத்தோடு இருக்கும் மாற்று வீரர் மேல்.

காயத்தோடு ஆடியதற்குச் சிறந்த உதாரணம் லேன் ஜான்சன். 2022 டிசம்பரில் தொடை இடுக்குத் தசை கிழிந்தது. லீக் சுற்றின் கடைசி இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டு, அறுவையைத் தள்ளிப்போட்டு, சூப்பர் பவுல் வரை ஆடினார். எல்லோராலும் ஆகிற காரியமல்ல. அவரை அளவுகோலாக வைத்து இளம் வீரர்களை நெருக்குவது கொடுமை.

ஆட்ட நாள் கணக்கு

என்எஃப்எல்லுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2020 ஒப்பந்தப்படி, குறைந்தது 8 ஆஃபென்சிவ் லைன்மேன்கள் பட்டியலில் இருந்தால் ஓர் அணி 48 பேரை ஆடத் தயாராக வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் 47. ஆக, பெஞ்சில் மூவர்: இரு பக்கமும் ஆடத் தெரிந்த டேக்கிள், ஸ்னாப் செய்யத் தெரிந்த உள்வீரர், இன்னொருவர். பருவம் முழுக்க முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள்தான் அனுமதி என்பதால், இந்த மூவருக்கு முதல் அணியோடு சேர்ந்து மோதிப் பழக வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் காயம் வருமுன்பே வாரத்துக்குச் சில ஸ்னாப்புகளை அவர்களுக்கு ஒதுக்கும் அணிகளே ஜனவரியில் தாக்குப்பிடிக்கின்றன. மாற்று டேக்கிளுக்கு இரு பக்கமும் பயிற்சி கொடுப்பதைவிட, மூன்றில் இரண்டு பங்கை இடப்பக்கத்தில் கொடுப்பது நல்லது. வலக்கைக் குவார்ட்டர்பேக்குக்கு அந்தப் பக்கம்தான் முதுகு.

காயம் நான்கு வாரத்துக்கு உட்பட்டதென்றால் காயப் பட்டியலில் சேர்ப்பதும் நஷ்டம். சேர்த்தால் குறைந்தது 4 ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு நேர் மாற்று, பக்கத்தில் ஒரு டைட் எண்ட், முதல் இரண்டு டிரைவில் (பந்து கையில் இருக்கும் தொடர்) மூன்று அடி பின்வாங்கி உடனே வீசும் பாஸ், லைன்மேன்கள் முன்னே ஓட வீசும் குறும் பாஸான ஸ்கிரீன், வெளிப்புற ரன். எதிரணி எண்ட் ஓடியோடிக் களைத்த பிறகுதான் ஆழமான பாஸ்.