மசக்கைக்கு யார் சொல்ற காரணம் சரி? டார்வின் வாரிசுகளும் எங்க அப்பத்தாவும்

போன வருஷம் மதினி முழுகாம இருந்தப்ப எங்க வீட்ல பெரிய கூத்து. ராமேஸ்வரம் போற வழில மண்டபம்ங்கிற ஊர்ப் பக்கம் வீடு, அண்ணன் நாட்டுப்படகுல போறவரு, அடுப்புல மீன் ஏறாத நாளை விரல் விட்டு எண்ணிறலாம். கல்யாணமாகி வந்ததுலருந்து சூடை மீனை தலையோட மென்னு துப்புற மதினி, ரெண்டாவது மாசம் ஒருநாள் காலைல கொடியில கெடந்த அண்ணன் சட்டையை எடுக்கப் போயி ஓங்கரிச்சுக்கிட்டே கொல்லைக்கு ஓடுச்சு. துவைச்ச சட்டைதான், லேசா வாசம், அவ்வளவுதான். அப்பத்தா திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டே, "விடுங்கய்யா, புள்ளைக்கு ஆகாதது உள்ள போயிறாம வயிறே காவல் காக்குது"ன்னுச்சு. நான் அப்பத்தான் பரிணாம உளவியல் பத்தி படிச்சுக்கிட்டு இருந்தேன், எனக்கு திக்குனு ஆயிருச்சு, ஏன்னா இதைத்தான் 1992ல மார்ஜி ப்ரொஃபெட்னு ஒரு அம்மா பெரிய கட்டுரையா எழுதினாங்க.

சரி, மனுசன் ஏன் இப்படி நடந்துக்குறான்ங்கிற கேள்விக்கு டார்வின் வழில வந்தவங்களே மூணு நாலு கட்சியா பிரிஞ்சு கெடக்காங்க, எல்லாரையும் இந்த மசக்கை ஒண்ணை வச்சே உரசிப் பார்ப்போம்னு தோணுச்சு.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை. 1809ல லாமார்க்குனு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, வாழ்நாள்ல சம்பாதிச்ச மாற்றம் புள்ளைக்கும் போகும்னாரு. அப்படின்னா தலைமுறையா கரைவலை இழுக்குற குடும்பத்துல புள்ளை பொறக்கும்போதே உள்ளங்கை காய்ச்சுப் போயி பொறக்கணும், பொறக்குறதில்ல. பின்னாடி வைஸ்மேன்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி எலி வாலை தலைமுறை தலைமுறையா வெட்டிப் பார்த்தாரு, வாலில்லாத குட்டி ஒண்ணு கூட வரல. டார்வினும் வாலஸும் 1858ல இயற்கைத் தேர்வை, அதாவது சூழலுக்கு ஒத்து வர்ற குணம் உள்ளதுதான் பிழைச்சு பெருகும்ங்கிறதை, முன்வச்சாங்க, மறு வருஷம் டார்வின் புத்தகம், அதோட கடைசிலயே இனிமே உளவியலும் புது அஸ்திவாரத்துல நிக்கும்னு ஒரு வரி போட்டுட்டு நழுவிட்டாரு. ஆனா மனுச மூளைன்னு வந்ததும் கூட்டாளிங்க ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு. 1869ல வாலஸ், இந்த மூளைக்கு இயற்கைத் தேர்வு மட்டும் போதாதுன்னு எழுத, டார்வின், உங்க புள்ளையும் எம் புள்ளையுமான இந்தக் கொள்கையை அடியோட கொன்னுப்புட மாட்டீங்கன்னு நம்புறேன்னு கடுதாசி போட்டாரு. இன்னைக்கு இருக்குற கட்சிச் சண்டை எல்லாம் அங்கருந்து வந்ததாத்தான் எனக்குப் படுது.

முதல் கட்சி பரிணாம உளவியல். லீடா காஸ்மிடஸ், ஜான் டூபி ஜோடிதான் முக்கியம், ப்ரொஃபெட் கட்டுரையும் அவங்க தொகுத்த புத்தகத்துலதான் வந்துச்சு. இவங்க சொல்றது, மனசு வெறும் பலகை இல்ல, வேட்டையாடித் திரிஞ்ச காலத்துல திரும்பத் திரும்ப வந்த சிக்கலுக்கு ஒண்ணு ஒண்ணா செஞ்சு வச்ச கருவிப்பெட்டி. மசக்கை அதுல ஒரு கருவி, கருவுக்கு உறுப்பு உருவாகுற நேரத்துல விஷம் உள்ள போகாம தடுக்குது. ப்ரொஃபெட் முக்கியமா செடிகொடில இருக்குற கசப்பு விஷத்தைத்தான் குறை சொன்னாங்க, அது சரியா நிக்கல. 2000ல ஃப்ளாக்ஸ்மேன், ஷெர்மேன் ரெண்டு பேரும் இருக்குற ஆய்வையெல்லாம் அள்ளிப் போட்டு பார்த்தப்ப, அதிகமா குமட்டுறது கறி, மீன், முட்டைன்னு தெரிஞ்சுச்சு. அதாவது சீக்கிரம் கெட்டுப்போற, கிருமி ஏறுற ஐட்டம். வாந்தி வர்றவங்களுக்கு கரு கலையுறதும் குறைவா இருந்துச்சு. இன்னொண்ணும் பார்த்தாங்க, 27 பாரம்பரிய சமூகத்துல 20ல மசக்கை உண்டு, 7ல இல்ல, அந்த ஏழும் பெரும்பாலும் கறி மீனை நம்பாம தானியம், குறிப்பா மக்காச்சோளம் தின்னு வாழ்ற கூட்டம். இதைப் படிச்சப்ப மதினி ஓடின காட்சி கண்ணு முன்னாடி வந்துச்சு, ஐஸ் பெட்டி இல்லாத காலத்துல மதியத்துக்கு மேல மீனோட கதி என்னன்னு எங்க ஊர்ல யாருக்கும் பாடம் எடுக்க வேணாம். (ஆனா இதைப் படிச்சுட்டு வாந்தி நல்லதுதானேன்னு சும்மா இருந்துறாதீங்க, தண்ணி கூட தங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.)

இதுக்கு எதிர்க்கட்சி கூல்டும் லெவான்டினும், ரெண்டு பேரும் உயிரியல்காரங்க. 1979ல இவங்க கேட்டது ஒரே கேள்வி, பார்க்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரு பயன் கதை கட்டுறீங்களே, அது வேற எதுக்கோ ஒட்டிக்கிட்டு வந்ததா இருந்தா? அவங்க வெனிஸ் தேவாலயத்துல வளைவு கட்டும்போது தானா வந்து விழுற மூலையை உதாரணம் காட்டினாங்க, நமக்கு பாம்பன் பாலம் போதும். பழைய பாலம் 1914ல ரயிலுக்காக கட்டினது, தூண்ல நீர்க்காகம் உக்காந்து றெக்கை காய வைக்குது, அதுக்காக பாலம் நீர்க்காகத்துக்கு கட்டினதுன்னு சொல்லுவோமா? மசக்கையும் கர்ப்ப ஹார்மோன் ஏறுறதோட உபவிளைவா இருக்கலாம். 2023 கடைசில இவங்களுக்கு தெம்பு குடுக்குற மாதிரி ஒரு செய்தி வந்துச்சு, கருகிட்ட இருந்து வர்ற ஜிடிஎஃப்15ங்கிற ஹார்மோன்தான் குமட்டலுக்கு பெரிய காரணம், கர்ப்பத்துக்கு முன்னாடி அது ரத்தத்துல கம்மியா இருந்த பொம்பளைங்களுக்குத்தான் வாந்தி கடுமையா வருது. ஆனா இது எப்படிங்கிறதுக்கு பதில், ஏன்ங்கிறதுக்கு இல்ல. விலங்கு நடத்தையை ஆராய்ஞ்ச டின்பெர்கன் 1963லயே இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கன்னு பிரிச்சு வச்சுட்டாரு, இருந்தும் பாதி சண்டை இதுலதான் ஓடுது.

நடத்தைச் சூழலியல்னு ஒரு கட்சி இருக்கு, ஆளுங்க இப்ப இருக்குற சூழ்நிலைக்கு லாபநட்டம் பார்த்து வளைஞ்சு குடுக்குறாங்கன்னு கணக்கு போடுறவங்க. பாசி எடுக்கப் போற பொம்பளைங்க எந்த நாள் எந்தப் பாருக்கு (கடல் பாறைத் திட்டு) போறாங்கன்னு கேட்டா இவங்கதான் சரியான ஆளு. மசக்கைல எனக்கு இவங்களால பெருசா பிரயோஜனம் இல்ல.

கடைசியா பண்பாட்டுப் பரிணாமக் கட்சி. ஜீனு மாதிரியே பழக்கவழக்கமும் தலைமுறைக்கு கை மாறுது, மாறும்போது சலிச்சு சலிச்சு சிலது நிக்குதுன்னு பாய்டும் ரிச்சர்சனும் 1985ல புத்தகம் போட்டாங்க. என்னை கவுத்தது 2010ல வந்த ஹென்ரிக் தம்பதியோட ஃபிஜி ஆய்வு. அந்தத் தீவுல கர்ப்பிணியும் பால் குடுக்குறவளும் சுறா, அஞ்சாலை, சீலா மாதிரி மீனைத் தொடக்கூடாது. பாறைப்பாசில உருவாகுற விஷம் சின்ன மீன்லருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறி சேருது, சரியா அந்த மாதிரி மீனாப் பார்த்துத்தான் விலக்கு இருக்கு. ஆனா அந்தப் பொம்பளைங்களுக்கு விஷம் கிஷம்னு காரணம் எதுவும் தெரியாது, சுறா தின்னா புள்ளைக்கு தோலு சொரசொரன்னு ஆகும், பாட்டி சொல்லுச்சு, அவ்வளவுதான்.

இதைப் படிச்சுட்டு அப்பத்தாகிட்ட போயி, "ஏன் அப்பத்தா மதினிக்கு நண்டு குடுக்க மாட்டேங்குற?"ன்னேன். "புள்ளைக்கு கரப்பான் வரும்டா." "யார் சொன்னா?" "எங்காத்தா சொன்னா." எங்கயோ பசிபிக் நடுவுல சொரசொரப்பு, இங்க கரப்பான்ங்கிற தோல் சொறி! நண்டுக்கும் கரப்பானுக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லையோ, ரெண்டு இடத்துலயும் கேள்வி கேக்காம கை மாறுற விதம் ஒண்ணுதான்.

அதோட இன்னொரு சமாச்சாரம். ஃபிஜில பால் குடுக்குறவளுக்கு சுறா ஆகாது, நம்ம கரைல பெத்தவளுக்கு பால் ஊறணும்னு தேடிப் பிடிச்சு பால்சுறா புட்டு குடுக்குறோம்! பிறவிலயே மூளைக்குள்ள சுறா பயம் எழுதி வச்சிருந்தா ரெண்டும் எப்படி நடக்கும்? அவங்க பயப்படுறது பெரிய மீனுக்கு, நம்ம பால்சுறா சின்னது, அதனால ரெண்டு பழக்கமும் முட்டிக்கணும்னு கூட இல்ல. ஆனா எது ஆகும் எது ஆகாதுங்கிற பட்டியல் ஜீன்ல இல்ல, அப்பத்தாகிட்டதான் இருக்குன்னு எனக்கு உறுதியாயிருச்சு.

அதனால என் கணக்கு இப்படித்தான். எந்த மாசத்துல குமட்டுது, எந்த வகைச் சாப்பாட்டுக்குக் குமட்டுதுங்கிறதுக்கு பரிணாம உளவியலுக்கு மார்க்கு போடுவேன், கூல்டு கட்சியை பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டுத்தான், இல்லாட்டி கதை கட்ட ஆரம்பிச்சுருவாங்க. எதைத் தின்னலாம்ங்கிற பட்டியலுக்கு ஹென்ரிக் கட்சி, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

மதினிக்கு அஞ்சாவது மாசம் குமட்டல் நின்னுச்சு, நின்ன அன்னைக்கே கருவாட்டுக் குழம்பு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. பெத்ததுக்கப்புறம் அண்ணன் பால்சுறா வாங்கிட்டு வர, அப்பத்தாவே உக்காந்து உரிச்சு உதிர்த்து புட்டு வச்சுக் குடுத்துச்சு. நண்டு மட்டும் இன்னும் இறங்கல. புள்ளை பால் மறக்கட்டும்னு சொல்லி மதினி தட்டைத் தாண்டி என் தட்டுக்குத்தான் வருது, நான் வேணாம்னு சொல்றதில்ல.