கருவாட்டுப் பையும் சிலிண்டர் மூட்டையும்

சித்தி மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். “அண்ணே, அம்மாவைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் வரலாம்னு இருக்கேன். ரயிலா, பஸ்ஸா?” சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் படிக்கும் ஊருக்கு மாதம் இரண்டு தடவை ரயிலில் போய் வருகிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊர் வரை பஸ்ஸில் போய்த்தான் வண்டி பிடித்தோம். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தபின் ராமேஸ்வரத்திலேயே ஏறிக்கொள்கிறேன். செலவு குறைவு, காலை நீட்டிக்கொள்ளலாம், இரண்டு கிலோமீட்டருக்கு ஜன்னலுக்கு வெளியே கடல்தான். இதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் சோதனை மேல்தான். ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் எழுப்பி டிக்கெட் கேட்டார்கள். அடுத்த வாரம் முன்பதிவுப் பெட்டியில் நடைபாதை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், கேட்க ஒருவர் வரவில்லை. போனில் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் ஆதார் செல்லும் என்று ரயில்வேயில் 2018லேயே சொல்லிவிட்டார்கள். ஒருவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். இன்னொருவர் அட்டையைக் காட்டினால்தான் ஆச்சு என்று நின்றார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மகளுக்குக் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை நுழைவாயிலில் பொட்டலம் பொட்டலமாகப் பிரிக்கச் சொன்னார்கள். சரி, பாதுகாப்புக்குத்தானே என்று பிரித்துக் காட்டினேன். திரும்பி வரும்போது ஏறிய பெரிய நிலையத்தில் ஸ்கேனர் ஓடவில்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. யாத்திரை வந்த குடும்பம் ஒன்று என் எதிர் சீட்டுக்கு அடியில் ஒரு மூட்டையைத் தள்ளியது. இரும்புக் காலில் பட்டு ‘ணங்’ என்றது. சேலைத் துணி விலகிய இடத்தில் சின்ன கேஸ் சிலிண்டரின் கழுத்து தெரிந்தது.

2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் செத்தார்களே, அதற்கும் விதியை மீறி ஏற்றிய சிலிண்டர்தான் காரணம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ரயில்வே உதவி எண் 139க்கு போன் அடித்தேன். பரமக்குடியில் இரண்டு காவலர்கள் வந்து மூட்டையை இறக்கினார்கள். அந்தக் குடும்பத்திடம் அதட்டாமல் பேசினார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் அது வரைக்கும் அத்தனை பேரும் அதன் மேல்தானே உட்கார்ந்து வந்தோம்?

முழங்கால் வலிக்கிற சித்திக்கு ரயில்தான் சௌகரியம். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் தம்பி, இந்தத் தடவை பஸ்ஸிலேயே வந்துவிடு. அந்த ‘ணங்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, சித்தியை அதில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பாம்பன் வந்ததும் அவரை எழுப்பிவிடு. ரோட்டுப் பாலத்திலிருந்து பார்த்தால் ரயில் பாலம் முழுசாகத் தெரியும்.