ஸ்டேயா, உறுத்துக்கட்டளையா, ரிசீவரா: மேல்முறையீட்டுக் காலத்தில் சங்கத்தைக் காப்பது எது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் படிப்பகச் சங்கம் இரண்டுபட்டுப் போனது. பொதுக்குழுவில் கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) இல்லை, அதனால் புதிய நிர்வாகக் குழு செல்லாது என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்டு நாங்கள் போட்ட வழக்கை முன்சிப் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. மேல்முறையீடு போடுவோம், கையோடு ஒரு ஸ்டேயும் வாங்கிவிடுங்கள் என்று வக்கீலிடம் போய் நின்றோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "எதை நிறுத்திவைக்கச் சொல்கிறீர்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. தள்ளுபடியான வழக்கில் நிறைவேற்றுவதற்கு என்ன இருக்கிறது? செலவுத்தொகையைக் கட்டச் சொல்லியிருந்தால் அதை நிறுத்திவைக்கலாம்; அவ்வளவுதான். தீர்ப்பையே நிறுத்திவைத்தாலும் நாங்கள் கேட்ட விளம்புகை கிடைத்துவிடாது, எதிரணி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். வழக்கு நடந்தபோது வாங்கியிருந்த இடைக்கால உத்தரவும் தள்ளுபடியோடு போய்விட்டது. மேல்முறையீடு போட்டதாலேயே அது உயிர்பெற்று எழாது.

குழப்பத்துக்குப் பத்திரிகைத் தமிழும் ஒரு காரணம். தீர்ப்பை நிறுத்திவைக்கும் ஸ்டேயும் 'இடைக்காலத் தடை', ஒருவரை ஒரு செயலிலிருந்து தடுக்கும் உறுத்துக்கட்டளையும் 'இடைக்காலத் தடை'. சட்டத்தில் இவை வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

ஸ்டே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் ஆணை, 5ஆம் விதியில் வருகிறது. கீழ்க்கோர்ட்டில் தோற்ற பிரதிவாதிக்கு ஏற்ற ஆயுதம் அது. மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது என்று அந்த விதியே சொல்கிறது. பெரிய நட்டம் வரும், காலதாமதம் செய்யவில்லை, பிணையும் தருகிறேன் என்று காட்ட வேண்டும். கிடைத்தாலும் கீழ்க்கோர்ட் தீர்ப்பு அழிந்துவிடுவதில்லை, தூங்குகிறது. ஸ்டேக்கும் ரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் ஸ்ரீ சாமுண்டி மொபெட்ஸ் வழக்கில் 1992இல் விளக்கியது. அதில் எதிர்த்தரப்பு தென்னிந்தியத் திருச்சபையின் அறக்கட்டளைச் சங்கம்.

எங்களைப் போல வாதியாக இருந்து தோற்றவர்களுக்கு வழி உறுத்துக்கட்டளைதான். 39ஆம் ஆணை முதல் கோர்ட்டுக்குத் தரும் அதிகாரம், 107ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக் கோர்ட்டுக்கும் உண்டு. முகாந்திரம் (மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் பலம் தெரிவது), சாதக பாதகச் சமநிலை (கட்டளையால் யாருக்கு அதிகச் சங்கடம்), ஈடுகட்ட முடியாத இழப்பு என்று மூன்று படிகளையும் ஏற வேண்டும். தோற்றவனுக்கு முதல் படியே வழுக்கும். ஒரு நீதிபதி ஆராய்ந்து, உன் பக்கம் நியாயம் இல்லை என்று எழுதியிருக்கிறாரே!

எங்களைக் கைதூக்கிவிட்டது பென்சில் எழுத்து. எங்கள் மினிட்ஸ் புத்தகம் தமிழில் இருக்கிறது. கோர்ட்டுக்கு அதன் மலையாள மொழிபெயர்ப்பு போயிருந்தது. அசலில் பதினொரு பெயர்களுக்கு எதிரே, ஓரத்தில், 'போனில் சொன்னார்' என்று குறித்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர்களை எழுதினார், ஓரத்தை விட்டுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து போனில் சம்மதம் சொன்ன பதினொரு பேரும் கூட்டத்துக்கு வந்தவர்களாகி, கோரம் நிறைந்துவிட்டது. புத்தகம் ஏற்கெனவே சான்றாவணம் என்பதால், கூடுதல் சாட்சியத்துக்கான 41ஆம் ஆணை 27ஆம் விதிக்குப் போக வேண்டாம், சரியான மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்ய ஒரு மனு போதும் என்றார் வக்கீல். முகாந்திரம் அந்த ஓரத்தில்தான் இருந்தது.

அடுத்தது மனுவின் வாசகம். 'நிர்வாகக் குழு செயல்படவே கூடாது' என்று கேட்க எங்கள் ஆட்களுக்கு ஆசை. கேட்டால் விளக்குக்குக் கூடப் பணம் கட்ட ஆள் இருக்காது. நீதிபதியும் சமநிலையை எதிரணி பக்கம் சாய்ப்பார். எனக்கு உண்மையில் பயம் புதிய உறுப்பினர்களைப் பற்றித்தான். மேல்முறையீடு இழுத்துக்கொண்டே போகும். அதற்குள் நூறு பேரைச் சேர்த்துவிட்டால், நாங்கள் ஜெயித்து மறுதேர்தல் வந்தாலும் வாக்காளர் பட்டியல் அவர்களுடையது. ஆகவே புதிய உறுப்பினர் கூடாது, வைப்புத்தொகையை உடைக்கக் கூடாது, கட்டடத்தை யாருக்கும் எழுதிக்கொடுக்கக் கூடாது என்று மூன்றோடு நிறுத்தினோம். இப்படிப்பட்ட கட்டளையை மீறினால் சொத்து ஜப்தியும் மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

சொத்தைப் பொறுப்பில் எடுத்துப் பார்த்துக்கொள்ள கோர்ட்டே நியமிக்கும் ரிசீவர் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். 40ஆம் ஆணை அதற்கு இடம் தருகிறது. ஆனால் ரிசீவருக்குச் சம்பளம் சங்கத்தின் பணத்திலிருந்துதான். இரண்டு கடை வாடகையில் பிழைக்கும் படிப்பகத்துக்கு அது யானை கட்டித் தீனி போடுவது. தேயிலைத் தோட்டமோ கல்லூரியோ இருக்கும் சங்கமானால் வேறு பேச்சு.

மனுவே தேவைப்படாத நான்காவது வழி, எதிர்த்தரப்பின் உறுதிமொழி. அ.தி.மு.க. வழக்கை நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில், விசாரணை முடியும்வரை பொதுச்செயலாளர் தேர்தல் நடத்த மாட்டோம் என்று எடப்பாடி பழனிசாமி தரப்பு சொன்னது. அது போதுமானதாக இருந்தது. பின்னர் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் வந்து, கட்சி வேட்பாளரின் படிவத்தில் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி எழுந்தபோதுதான் இடைக்கால மனு தேவைப்பட்டது. 2023 பிப்ரவரி 3 அன்று நீதிமன்றம் யாரையும் தலைவராக்கவில்லை, ஓ.பன்னீர்செல்வம் தரப்பையும் சேர்த்துக்கொண்டு பொதுக்குழுவே வேட்பாளரை முடிவு செய்யட்டும் என்று அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் வழி செய்தது. அந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது பிப்ரவரி 23இல்தான்.

எங்கள் உறுத்துக்கட்டளை மனு விசாரணைக்கு வந்த அன்று எதிரணி வக்கீல் எழுந்து, மூன்றில் இரண்டுக்கு உறுதிமொழி தருவதாகச் சொன்னார். கோர்ட் அதைப் பதிவு செய்துகொண்டது. வைப்புத்தொகைக்கு மட்டும் வாதாட வேண்டியிருக்கிறது. உறுப்பினர் விண்ணப்பப் படிவக் கட்டு, சணல் கயிறு போட்டு, அவருடைய ஆபீஸ் பீரோவில் அடுத்த வாய்தா வரை இருக்கும்.