34 வருஷம் உட்கார்ந்து பார்த்த லாரிகள்

லாரி வாங்குபவர்கள் என்னிடம் கேட்பது மைலேஜும் லோடும்தான். சீட்டைப் பற்றி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. 1983ல் கிளீனராக ஏறி, 1987ல் லைசென்ஸ் எடுத்து, 2021ல் இறங்கியவன் நான். சங்ககிரிப் பக்கம். ஓட்டிய வண்டிகளில் மனதில் நிற்கும் மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது டாடா 1210 எஸ்இ. பெயரில் உள்ள முதல் இரண்டு எண் மொத்த எடை, சுமார் 12 டன். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன், கிட்டத்தட்ட 100. மூக்கு வைத்த வண்டி. பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பப் பார்த்தால் தோள்பட்டைதான் திரும்பும், சக்கரம் திரும்பாது. கொஞ்சம் நகரவிட்டுத்தான் ஒடிக்க வேண்டும். கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். என் இடது முட்டி இன்றைக்கும் மாடிப்படியில் அதை ஞாபகப்படுத்துகிறது. ஆனால் அந்த இன்ஜினைப் போல நம்பிக்கையான ஒன்றை அப்புறம் நான் பார்க்கவில்லை. டீசல் லைனில் காற்று பிடித்தால் கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் போதும், மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் லாரி என்பது கம்பெனியிலிருந்து முழுசாக வராது. சேஸ் என்கிற அடிச்சட்டம், இன்ஜின், முகப்பு, ஸ்டியரிங், அவ்வளவுதான். ஒருமுறை ஜாம்ஷெட்பூரிலிருந்து நாமக்கல்வரை வெறும் சேஸை ஓட்டி வந்தேன். ஒரு மரப்பெட்டியைக் கயிற்றால் கட்டி அதுதான் சீட். கதவு இல்லை, கூரை இல்லை. டிசம்பர் மாதம். ஒரிசாவில் விடியற்காலைப் பனி, ஆந்திராவில் மதிய வெயில். கண்ணாடி போட்டு, துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தும் பூச்சி வந்து அடித்ததில் கன்னமெல்லாம் தடிப்பு. ஆறு நாள்.

நாமக்கல் பாடிப் பட்டறையில் அதற்கு மரக் கேபின் கட்டினார்கள். ஆசாரி பெரியவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நீங்கதானுங்களே இதுல படுக்கப் போறீங்க? இப்படிப் படுங்க" என்று பட்டறைத் தரையிலேயே படுக்கச் சொன்னார். தலைக்கு ஒரு கோடு, குதிகாலுக்கு ஒரு கோடு, சாக்பீஸில் போட்டு, அந்த அளவுக்குப் பின்பலகை அடித்துக் கொடுத்தார். ஐந்தடி பதினொரு அங்குலம். அடுத்த எட்டு வருஷம் நான் கால் நீட்டித் தூங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. பாதி இன்ஜின் கேபினுக்குள்தான் இருக்கும். வடக்கே குளிர் காலத்தில் அது வரம். மே மாதம் நாக்பூர் ரோட்டில் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாலும் கால் வெந்துவிடும். அப்போது நிறைய லாரிகள் அப்படித்தான்.

தொப்பூர் கணவாயில் அந்த வண்டியைக் கிட்டத்தட்ட இழந்தேன். குற்றம் வண்டி மேல் இல்லை, என் மேல். டிரிப்புக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று கணக்கு, மிச்சம் பிடித்தால் நமக்கு. தர்மபுரி தாண்டியதும் நியூட்ரலில் விட்டேன். பிரேக்கை மிதித்து மிதித்து லைனிங் சூடேறிக் கருகும் வாசனை வந்தது. அப்புறம் மிதித்தால் வண்டி கேட்கவில்லை. இரண்டாவது கியர் விழவே இல்லை, பல் அரைத்தது. மூன்றாவது எப்படியோ விழுந்தது. இன்ஜின் போட்ட அலறலில் கிளீனர் பையன் அழுதுவிட்டான். வேகம் குறைந்ததும் குதித்து அவன்தான் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பெரியவர்கள் சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாவது பத்துச் சக்கர வண்டி. லேலண்டின் டாரஸ் பெயரே எங்கள் ஊரில் எல்லாப் பத்துச் சக்கரத்துக்கும் நின்றுவிட்டதால், அதை டாரஸ் என்றேதான் சொல்வோம். நான் ஓட்டியது டாடா 2516. சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றினால் மகாராஷ்டிரா, திரும்பும்போது நாசிக் வெங்காயம் அல்லது நாக்பூர் ஆரஞ்சு. பவர் ஸ்டியரிங் வந்தது. தோள்பட்டை பிழைத்தது. லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தது, லோடுக்கு அது நல்ல கணக்கு. ஆனால் கேபின் கட்டியபோது ஓனர் சிக்கனம் பார்த்தார். பின்பலகையைக் குறைத்து, அந்த இடத்தையும் லோடுக்குக் கொடுத்துவிட்டார்.

தூக்கம் எங்கே கிடைத்தது என்றால், சிரிக்காதீர்கள், செக்போஸ்ட் வரிசையில். எல்லையில் மணிக்கணக்கில் நிற்போம், திட்டிக்கொண்டே தூங்குவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வரி செக்போஸ்டுகள் போயின. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு டிரிப் நேரம் குறைந்தது, தூக்கமும் கூடவே குறைந்தது. அடுத்த வருஷம் பத்துச் சக்கரத்துக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது. லோடு ஏறியது. சீட் அதே சீட்தான்.

கடைசி வண்டி ஒரு பிஎஸ்6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது, பன்னிரண்டு சக்கரம். காலியாக வரும்போது ஒரு ஆக்சிலைத் தூக்கிவிடலாம், டயர் மிச்சம். கம்பெனி கேபின், உட்கார்ந்தால் இடுப்பு நோகாத சீட். இதையெல்லாம் குறை சொன்னால் பாவம். ஆனால் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் யூரியாக் கரைசலுக்கு ஒரு டேங்க், எங்கே பார்த்தாலும் சென்சார். ஆதிலாபாத் தாண்டி ஒரு விளக்கு எரிந்தது, வண்டி இழுவையை விட்டுவிட்டது. லேப்டாப்போடு ஆள் வர ஒன்றரை நாள். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன்.

2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். போன மாதம் அக்கா மகன் அப்படி ஒன்று எடுத்தான். "மாமா, ஏறிப் படுத்துப் பாருங்க" என்றான். ஏசி ஜில்லென்று வந்தது. கதவைச் சாத்தினால் இன்ஜின் சத்தமே இல்லை. படுத்தேன். நாலு விரல் குறைந்தது, முட்டியை மடக்கிக்கொண்டேன்.