கொழும்பில் கார் எடுக்கும்போது தகட்டைப் பாருங்கள். டிஜிட்டல் தகடு இங்கே வேண்டாம்

லீவில் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வாடகைக்குக் கார் எடுப்பவர்கள் டயரையும் ஏசியையும் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இலக்கத் தகடு. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். இரண்டிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். அதே இலக்கம் முன்கண்ணாடியிலுள்ள வருமான அனுமதிப்பத்திரத்திலும் இன்சூரன்ஸ் அட்டையிலும் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் பிரதியை வாங்கி, அதிலுள்ள சசி (chassis) நம்பரை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் பாவனைக்கு மட்டும் எடுத்த இன்சூரன்ஸ் என்றால், விபத்து நடந்த பிறகு நிறுவனம் கையை விரிக்கலாம்.

வெளிநாட்டு லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கருமபீடம் 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே திறக்கப்பட்டது. முன்பு இதற்கு வேரஹரவிலுள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம்.

இனி, கலிபோர்னியாவிலிருந்து வருபவர்கள் கிளப்பும் பேச்சுக்கு வருவோம். அங்கே அலுமினியத் தகட்டுக்குப் பதிலாக இணையத்தோடு இணைந்த மின்மைத் (e-ink) திரையை மாட்டலாம். இதுதான் டிஜிட்டல் தகடு. 2018இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2022இல் நிறைவேறிய சட்டத்தால் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இதைச் செய்யும் ரிவைவர் நிறுவனம் மாதம் 19.95 டொலருக்கு, 48 மாத ஒப்பந்தத்தில் கொடுத்தது. இன்றைய கணக்கில் மாதம் 6,000 ரூபா போல வரும். வருடப் புதுப்பிப்பு ஸ்டிக்கர் திரையிலேயே மாறும். கார் களவு போனால் திரையில் அதைக் காட்டலாம். ‘இலங்கைக்கும் இது வந்தால் என்ன’ என்று கேட்கிறார்கள். கொழும்பில் கார் வைத்திருக்கும் உறவினர்கள் சந்தேகமாகத் தலையாட்டுகிறார்கள். அவர்களைப் பழைய ஆட்கள் என்று ஒதுக்க வேண்டாம். அவர்கள் சந்தேகப்படுவது சரிதான்.

2023 ஜனவரியில் சாம் கரி என்ற பாதுகாப்பு ஆய்வாளரும் அவரது குழுவினரும் ரிவைவரின் இணையத்தளத்தில் தங்கள் சாதாரணக் கணக்கை உச்ச நிர்வாகிக் கணக்காக மாற்ற முடிந்ததை வெளியிட்டார்கள். அந்த இடத்திலிருந்து வாடிக்கையாளர்களின் வாகனங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கலாம், தகட்டின் கீழுள்ள வாசகத்தை மாற்றலாம், எந்தக் காரையும் களவு போனதாகக் குறிக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் பயங்கரம். வீட்டுக்குப் பால்மா வாங்கப் போனவரைப் பொலிஸ் துப்பாக்கியோடு மறிக்கும். அந்த ஓட்டையை நிறுவனம் விரைவாக அடைத்தது.

அடுத்ததை அப்படி அடைக்க முடியவில்லை. ஐஓஆக்டிவ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஜோசெப் ரொட்ரீகெஸ் காட்டியது 2024இல் வெளிவந்தது: தகட்டின் பின்னாலுள்ள ஸ்டிக்கரைக் கழற்றி, உள்ளிருக்கும் இணைப்பில் கேபிளைப் பொருத்தினால், சில நிமிடங்களில் அதன் உள்மென்பொருளை மாற்றி எழுதிவிடலாம். பிறகு கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக விரும்பிய இலக்கத்தைத் திரையில் வரவழைக்கலாம். பிழை சிப்பிலேயே இருப்பதால், தொலைவிலிருந்து அப்டேட் அனுப்பித் திருத்த வழியில்லை. சிப்பையே மாற்ற வேண்டும். அப்போது விற்றிருந்த தகடுகள் சுமார் 65,000.

இதைக் கொழும்பில் வைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 22 முதல் இங்கே சிசிடிவி கமெராவில் தகட்டைப் பார்த்து, பதிவு உரிமையாளரைத் தேடி வழக்குப் போடுகிறார்கள். காலி வீதியில் சிவப்பு விளக்கைத் தாண்டும் ஒருவன் அந்த ஒரு நிமிடத்துக்கு உங்கள் இலக்கத்தைத் திரையில் போட்டுக்கொண்டால், கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். போலி அலுமினியத் தகட்டாலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் அது வண்டியிலேயே மாட்டியிருக்கும், மறித்தால் ஆதாரமாகக் கையில் கிடைக்கும். திரையிலோ அடுத்த சந்திக்குள் பழைய இலக்கம் திரும்பியிருக்கும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் தகட்டின் கடைசி இலக்கத்துக்கு ஏற்ப நாள் ஒதுக்கினார்கள். பிறகு வாகன இலக்கம், சசி நம்பர், அடையாள அட்டை மூன்றையும் கொடுத்துப் பெற்ற கியூஆர். காருக்கு ஆரம்பத்தில் வாரம் 20 லீற்றர். பெற்றோல் செட்டில் கியூஆரோடு ஒப்பிடத் தகடுதான் இருந்தது. தகடு மாறாது என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பங்கீடே ஓடியது.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. வாகனத் தகட்டில் வந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக்கு 1958இல் வடக்கில் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் மே மாதத்தில் கலவரம் வந்தது. ஒரேயோர் எழுத்துக்கே அப்படியென்றால், எந்தக் கார் எந்த வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு நின்றது என்ற பட்டியல் யாரோ ஒருவரின் சேர்வரில் கிடப்பதை நாங்கள் சாதாரணமாக எடுக்க முடியாது.

புதுப்பிப்பு வசதி என்ற வாதமும் இங்கே எடுபடாது. புகைப் பரிசோதனையும் இன்சூரன்ஸும் சரியாக இருந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தை இப்போதே இணையத்தில் பணம் கட்டி எடுக்கலாம், திரை எதற்கு? ஓட்டோ பின்னால் முட்டினால் அலுமினியத் தகட்டைத் தட்டி நிமிர்த்திவிடலாம். திரை உடைந்தால் உடைந்ததுதான்.

புலம்பெயர்ந்தவர்கள் உடனே பார்க்க வேண்டியது வேறு. போகும் முன் காரை விற்று, உரிமை மாற்றப் படிவத்தில் திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்த பலர் இருக்கிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றியிருக்காவிட்டால், சிசிடிவி வழக்கு இன்னமும் உங்கள் பெயருக்கே வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டி அந்த இலக்கத்தின் இப்போதைய உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் பெயரே இருந்தால், அடையாள அட்டையோடும் விற்பனைப் பத்திரத்தின் பிரதியோடும் நாரஹேன்பிட்ட அலுவலகத்துக்குக் காலையிலேயே போங்கள். லீவின் முதல் வாரத்தில் போனால், ஏதாவது பத்திரம் குறைந்தால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பப் போக நாள் மிஞ்சும்.