ஆன்லைனா, நேரிலா? பாஸ்போர்ட்டிலிருந்து வாக்காளர் அட்டை வரை

பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் போடுவதா, நேரில் போய்க் கொடுப்பதா என்று இன்னமும் கேட்கிறார்கள். இந்தியாவில் இன்று அப்படி ஒரு தேர்வே கிடையாது. விண்ணப்பமும் பணமும் ஆன்லைனில், ஆள் நேரில். முகமும் விரல் ரேகையும் அங்கே போய்த்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் உண்மையான போட்டி வேறு: படிவத்தை வீட்டில் உட்கார்ந்து நாமே நிரப்புவதா, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நிரப்புவதா?

என் ஓட்டு வீட்டுக்கே. காசு மிச்சம் என்பதற்காக அல்ல, நம் பெயருக்காக. படிவத்தில் 'கிவன் நேம்' என்று ஒரு கட்டம், 'சர்நேம்' என்று ஒரு கட்டம். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். மு. செல்வி என்பவர் சர்நேமில் அப்பா பெயர் முருகேசனை முழுதாகப் போடலாம், அல்லது அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். கடைக்காரருக்கு வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார், அவர் காலியாக விட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோதுதான் அந்தக் காலிக் கட்டத்தின் விலை பலருக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

இன்னொரு கேள்வி, நான்-ஈசிஆர் தகுதி உண்டா என்பது, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசிடம் தனி அனுமதி வாங்கத் தேவையில்லாத தகுதி. பத்தாவது தேறியிருந்தாலே உண்டு, மார்க் ஷீட்டைக் காட்டினால் போதும். அவசரத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டால், வளைகுடா வேலைக்குக் கிளம்பும்போது அந்த அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். செல் நம்பரும் மெயில் ஐடியும் உங்களுடையதாக இருக்கட்டும். பல கடைகளில் வசதிக்காக அவர்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கி, பாஸ்வேர்டையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் தேதியை மாற்றக்கூட அப்புறம் அந்தக் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டிலேயே நிரப்புகிறவர்களுக்கு வேறு ஆபத்து. கூகுளில் தேடினால் போலித் தளங்களும் கண்ணில் படும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கலில் 3,500. அதற்கு மேல் எந்தத் தளம் கேட்டாலும் மூடிவிடுங்கள்.

நேரில் போகும் பகுதியைப் பற்றித்தான் பலருக்கும் பயம். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று பாஸ்போர்ட் சேவா கேந்திராக்கள் இருக்கின்றன. 2017 முதல் பல ஊர்களில் தபால் நிலையத்திலேயே கேந்திரா வந்துவிட்டது. டோக்கன் வாங்கி ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ கவுன்டரில் போட்டோவும் ரேகையும் எடுத்து, ஆவணங்களை ஸ்கேன் செய்து, நீங்கள் தட்டச்சு செய்ததைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் செல்போனைப் பார்க்காதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்த அதைவிடச் சுலபமான இடம் கிடையாது, சி கவுன்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாடு.

அடுத்து, கொடுத்த முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று பார்க்கும் போலீஸ் விசாரணை. ஆதாரில் சொந்த ஊர் முகவரி, குடியிருப்பது சென்னை வாடகை வீடு என்றால் இங்கேதான் இடிக்கும். முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போவது நல்லது. முகவரி மாற்றத்தை ஆன்லைனிலேயே செய்யலாம், ஆனால் ஆதாரோடு செல் நம்பர் இணைந்திருந்தால்தான் ஓடிபி வரும். ஆவணமும் உங்கள் பெயரில் வேண்டும். ஈ.பி. பில் ஹவுஸ் ஓனர் பெயரில் இருக்கும், உதவாது. உங்கள் பெயரில் கேஸ் பில் இருந்தால் அதைப் பாருங்கள்.

ஆதாரில் மற்றதற்கெல்லாம் மையத்துக்கே போய்விடுங்கள் என்பேன். குழந்தைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேறு வழியில்லை. பெயர் திருத்தம் இரண்டு முறைதான், பிறந்த தேதி ஒரே முறைதான். இவ்வளவு கறாரான கணக்கில் எதிரே உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சரி சொல்வது மேல். நடக்க முடியாத பெரியவர்களுக்குச் செல் நம்பர் மட்டும் இணைக்க வேண்டுமென்றால் தபால்காரரைக் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக 2021 முதல் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பான் கார்டில் போட்டியே இல்லை, ஆன்லைன்தான். ஆதாரில் செல் நம்பர் இருக்கும் பெரியவர்கள், இதுவரை பான் எடுத்திராதவர்கள், வருமான வரித்துறைத் தளத்தில் இ-பானை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் போய்க் கடையில் நூற்றுக்கணக்கில் கொடுப்பது வீண்.

வாக்காளர் அட்டைக்குப் புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற படிவம் 8. இரண்டையும் ஆன்லைனில் போடலாம், காசு கிடையாது. ஆனால் அதைச் சரிபார்ப்பது உங்கள் பகுதி பூத் அலுவலர்தான். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ. ஆன்லைனில் போட்ட கையோடு அவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வீடு பூட்டியிருக்கும் குடும்பம் என்றால், எப்போது வந்தால் ஆள் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.