ட்ரெய்லரில் நிற்கும் படகுக்கு ஆன்டிஃபௌலிங் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆன்டிஃபௌலிங் என்பது படகின் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிரி) ஏறாமல் தடுக்கும் பெயிண்ட். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 17 அடி ஃபைபர் படகு, வருடம் முழுக்க ட்ரெய்லரில்தான் நிற்கும். லீவு நாளில் கடலில் இறக்குவேன், அன்று மாலையே ஏற்றி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி மூடிவிடுவேன். நீண்ட விடுமுறை வந்தால் நாலைந்து நாள் தொடர்ந்து தண்ணீரில் கிடக்கும், அதுவும் வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் இல்லை. கடைசியாக அப்படிக் கிடந்தபோது தண்ணீர் தொடும் கோட்டை ஒட்டி வழவழவென்று பாசி படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் வந்துவிடும் பாசிதான், ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்து பயந்துவிட்டேன். நேராக ஒரு படகுப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என்னண்ணே, அடியில ஆன்டிஃபௌலிங்கே இல்லாம ஓட்டுறீங்க? இப்படியே விட்டா கொட்டலசு ஏறி ஜெல்கோட்டைத் தின்னுடும்" என்றார். (ஜெல்கோட் என்பது ஃபைபர் படகின் வெளிப்புறத்தில் இருக்கும் பளபளப்பான மேல்பூச்சு.) செம்பு நிறைய உள்ள கெட்டி வகைப் பெயிண்ட் இருக்கிறது, அடித்தால் ரெண்டு மூணு வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். படகு ட்ரெய்லர் மேல் அவர் கண் முன்னால்தான் நின்றது. ஆனாலும் 'இது தண்ணீரில் எத்தனை நாள் கிடக்கும்' என்ற ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. இந்தப் பெயிண்டைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

படகு திரும்பி வந்தபோது பளிச்சென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து மூடியை எடுத்தேன். அடிப்பாகம் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது, பழைய செம்புக் குடத்தில் பூக்குமே, அதே பச்சை. ட்ரெய்லர் கட்டையில் சுற்றிய கார்பெட்டில் பெயிண்ட் ஒட்டி, படகு உட்காரும் இடமெல்லாம் கோடு கோடாக உரிந்திருந்தது. ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தகடாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த ஜெல்கோட்டில் என் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மினுமினுப்பு. அதாவது உப்புத்தாளே போடவில்லை. ஃபைபர் படகை அச்சிலிருந்து எடுக்கும்போது மேலே ஒரு மெழுகு ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கரைப்பான் போட்டுத் துடைத்தெடுத்து, அப்புறம் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்குமேல்தான் பிரைமரோ பெயிண்டோ போட வேண்டும். துடைக்காமல் தேய்த்தாலும் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும். இவர் எதுவுமே செய்யாமல் பளபளப்பின் மேலேயே ரோலரை உருட்டியிருக்கிறார்.

அவர் கொடுத்துவிட்ட மிச்ச டப்பாவை அன்றைக்குத்தான் திறந்தேன். மேலே தண்ணீர் மாதிரி பெயிண்ட், குச்சியை விட்டால் அடியில் செங்கல் நிறத்தில் கெட்டிச் சேறு. மீன் வலை வாங்கினால்கூட நான் முடிச்சு முடிச்சாகப் பார்த்து வாங்குகிற ஆள், இதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே என்று இன்னும் மனசு ஆறவில்லை. செம்பு ஆக்சைடு கனமானது, டப்பா நின்றாலே அடியில் இறங்கிவிடும். அடிவரை குச்சி விட்டு நன்றாகக் கலக்கினால்தான் மருந்து முழுவதும் படகுக்கு வரும். நான் காசு கொடுத்து வாங்கிய செம்பில் பாதி அந்த டப்பாவிலேயே கிடந்தது.

சரி, கேட்டுவிடுவோம் என்று போனேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: "இந்தப் பெயிண்ட் தண்ணியிலேயே கிடக்கணும்ண்ணே. நீங்க வெளியில வெச்சா அப்படித்தான் ஆகும்." தெரிந்தேதான் விற்றிருக்கிறார். உரிந்ததற்கும் ட்ரெய்லர் கட்டைதான் காரணம் என்று சாதித்தார். பணம் திரும்பி வரவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. கெட்டி வகைப் பெயிண்டில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிந்துதான் பாசியையும் கொட்டலசையும் தடுக்கும். வெளியே காற்றில் நிறைய நாள் நின்றால் மேல்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செத்துப்போகும், அப்புறம் லேசாகத் தேய்த்தோ மறுபடி அடித்தோதான் உயிர் கொடுக்க வேண்டும். கரைந்துகொண்டே போகிற வகை வேறு. அதில் மேல் படலம் தேய்ந்து போகப் போகப் புதிய படலம் வெளியே வரும். அதிலும் கோபாலிமர் என்கிற ஒருவகைப் பிசின் கலந்த பெயிண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப இறக்கினாலும் வேலை செய்யும். டப்பாவில் 'நீரிலிருந்து எடுத்து மீண்டும் இறக்கலாம்' என்று எழுதியிருக்கிறதா, பெயிண்ட் அடித்து எத்தனை நாளுக்குள் தண்ணீரில் விட வேண்டும் என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் நீங்களே படியுங்கள். ட்ரெய்லர் கட்டையில் உரசிப் போவது எந்த வகையாக இருந்தாலும் இருக்கும்.

ஆனால் என்னைப்போல ஓட்டுகிறவருக்கு இந்தப் பெயிண்டே தேவையில்லை. அன்றன்றைக்கு ஏற்றுகிற படகில் கொட்டலசு ஒட்டி வளர நேரமே கிடையாது. வெதுவெதுப்பான கடலில் வாரக்கணக்கில் கிடந்தால் நிச்சயம் ஏறும், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பெயிண்ட். கொட்டலசு ஜெல்கோட்டைத் தின்னவும் தின்னாது, ஒட்டிய இடத்தில் வட்டமாகப் பசைத் தடம் விட்டுப் போகும், அவ்வளவுதான். ஒரு முறை பெயிண்ட் ஏறிவிட்டால் அப்புறம் காலத்துக்கும் அதற்குப் பராமரிப்புச் செலவு, படகை விற்கப் போனாலும் கேள்வி வரும்.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். என் நண்பருடைய அலுமினியப் படகுக்கும் இதே ஆள் இதே செம்புப் பெயிண்டை எடுத்து நீட்டியிருக்கிறார். நல்லவேளை, நண்பர் அதை அடிக்கவில்லை. செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துக் குழி விழும். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதிக்கும் அதேதான், அதுவும் அலுமினியம். ஆனோடு கட்டிகளின் (மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் அரிந்து காக்கும் உலோகக் கட்டிகள்) மேல் எந்தப் பெயிண்டும் படக் கூடாது, பட்டால் அதன் வேலை நின்றுவிடும்.

இன்னொன்று, அந்த நண்பரிடம் 'பழைய டின் பெயிண்ட் ஸ்டாக் இருக்கு, அதுக்கு ஈடே கிடையாது' என்றும் சொல்லியிருக்கிறார். தொடவே தொடாதீர்கள். டின் என்றால் இங்கே டப்பா இல்லை, ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம். அது கலந்த பெயிண்டால் சிப்பியின் ஓடு தடித்துக் கோணலானது, பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. அதைத் தடுக்கத்தான் 2001இல் சர்வதேச ஒப்பந்தம் போட்டு 2008இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது ஈர உப்புத்தாள் போட்டு அந்தப் பெயிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். காய்ந்த நிலையில் தேய்த்தால் விஷத்தூள் மூச்சில் போகும், அதனால் முகமூடியும் கையுறையும் போட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, விழுவதை எல்லாம் அள்ளி எடுக்கிறேன். கையால் எடுப்பதால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் ஒரு முழம் தேறுகிறது. போன விடுமுறையில் நான்கு நாள் தண்ணீரில் விட்டேன். ஏற்றியதும் பாசி காயும் முன்னே மெத்தென்ற பிரஷ் போட்டு நல்ல தண்ணீர் அடித்தேன். பெயிண்ட் எடுத்து முடித்த பக்கம் அரை மணி நேரத்தில் சுத்தமாகிவிட்டது.